அளவு எழுதாத இரண்டு

என் நாத்தனாருக்கு எங்கள் வீட்டில் ‘அதெப்படி’ என்று பெயர். வைத்தது நான்தான். கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அடுப்படி வாசலில் நின்றுகொண்டு கேட்டாள்: “அதெப்படி அண்ணி, தண்ணி கொதிக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்குக் கோவம் கொதிச்சிடுது?” அன்றைக்கு வைத்த பெயர். இருபது வருடமாகியும் மாற்ற ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

இந்த ஒரு வார்த்தையால் அவள் பட்டது கொஞ்சமில்லை. அவளுக்கும் கல்யாணம் நடந்தது. ஒரு மழை நாளில் தாமதமாக வந்த புருஷன், மழையில் மாட்டிக்கொண்டேன் என்றாராம். இவள் வாய் சும்மா இருக்குமா? “அதெப்படி, குடையும் நனையலை, சட்டையும் நனையலை?” பதில் வர இரண்டு வருடம் ஆனது. வந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அழவில்லை. மறுநாளே வேலை தேடினாள். துணிக்கடையில் பதினோரு வருடம் பில் போட்டாள். திரையைப் பார்க்காமலே எண்களைத் தட்டுவாள். கடையை மூடினார்கள். அப்புறம்தான் குழந்தைகள் ஆஸ்பத்திரியில், ஆராய்ச்சிப் பிரிவுக்கு டைப் செய்ய ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனாள்.

ஆராய்ச்சி என்றதும் வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குழாய் என்று நான் கற்பனை செய்திருந்தேன். ஒருநாள் அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்கப் போனபோது பார்த்தேன். மூன்றாவது மாடி, வராந்தாவின் கடைசி அறை. முன்பு படுக்கை விரிப்பு அடுக்கி வைத்த இடமாம். சோப்பு வாடை இன்னும் போகவில்லை. சாத்த முடியாத ஒரு ஜன்னல், ஒரு இரும்பு பீரோ, இரண்டு மேஜை. ஒன்றில் இவள். இன்னொன்றில் கணக்குப் போடுகிற புள்ளிவிவரக்காரர். அவருக்கு இவள் வைத்த பெயர் ‘சராசரி’. மட்டமான ஆள் என்று அர்த்தமில்லை. வாயைத் திறந்தால் அந்த வார்த்தைதான் வரும்.

அங்கே நடந்த ஆராய்ச்சி மூத்திரத்தைப் பற்றியது. முகம் சுளிக்க ஒன்றுமில்லை, எல்லார் வீட்டிலும் போகிறதுதான். சிங்க்கில் ஊற்றிய தண்ணீர் கீழே போகாமல் திரும்ப மேலே வந்தால் என்ன ஆகும்? அது மாதிரி, சிறுநீரகத்திலிருந்து மூத்திரப் பைக்கு இறங்க வேண்டியது சில குழந்தைகளுக்கு மறுபடி மேலே ஏறும். கூடவே கிருமியும் ஏறும். காய்ச்சல் வரும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகமே கெட்டுப்போகும். சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயைப் பையில் சரியான கோணத்தில் திரும்பப் பொருத்துகிற ஆபரேஷனைப் பெரிய டாக்டரம்மா செய்கிறார். பெரும்பாலான குழந்தைகள் நன்றாகிவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் ஆபரேஷன் சரியாக முடிந்தும் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருகிறது. ஏன் என்பதுதான் ஆராய்ச்சி.

நூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள். ஒவ்வொரு தாய்க்கும் ஒரு அளவுக் கப்பும் ஒரு நோட்டும் கொடுத்திருந்தார்கள். பதினான்கு நாள் எழுத வேண்டும். நோட்டில் நான்கு பத்தி: தேதி, நேரம், முறை, அளவு. அதை வாங்கி கம்ப்யூட்டரில் ஏற்றுவது இவள் வேலை. எட்டு மாதமாக ஏற்றினாள். டீக்கறை பட்ட நோட்டு, குழந்தை கிறுக்கிய நோட்டு, நடுவில் துணி துவைக்கும் கணக்கு எழுதிய நோட்டு எல்லாம் அவள் கையில் வந்தது. ஒரு தாய் நேர்மையாக எழுதியிருந்தாளாம்: ‘கல்யாணத்துக்குப் போனோம். கப்பை மறந்துவிட்டேன். அளக்கவில்லை. மன்னிக்கவும்.’

முப்பத்தி நாலாம் நம்பர் நோட்டு ஆறு வயதுப் பெண் குழந்தையுடையது. தாய் தபால் பிரிக்கும் ஆபீஸில் வேலை. கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஆபரேஷன் முடிந்த ஏழு மாதத்தில் குழந்தைக்கு நான்கு முறை காய்ச்சல். ஸ்கேனில் இன்னும் கொஞ்சம் மேலே ஏறுவது தெரிந்தது. இரண்டாவது ஆபரேஷன் என்று முடிவாகி, பத்தொன்பதாம் தேதி குறித்துவிட்டார்கள். ஒருதடவை தைத்த இடத்தை மறுபடி பிரித்துத் தைப்பது சுலபமான காரியம் இல்லை. அந்தத் தாய், போனில் ஆபரேஷன் என்ற வார்த்தையையே சொல்ல மாட்டாளாம். ‘அந்தத் தேதி’ என்றுதான் சொல்வாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் குழந்தையின் கணக்கைச் சுருக்கமாக எடுத்துத் தரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, இவள் கம்ப்யூட்டரில் இருந்ததை நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். முறை என்ற பத்தியில் எல்லாம் 1. மூன்றே இடத்தில் 2. அந்த மூன்று இடத்திலும் அளவு எழுதவில்லை. இவ்வளவு ஒழுங்காக எழுதுகிற பெண், இரண்டு தடவை போன நேரத்தில் மட்டும் ஏன் அளக்கவில்லை? பீரோவைத் திறந்து வேறு நோட்டுகளை எடுத்தாள். முக்கால்வாசி நோட்டில் அதே கதை. 1 என்றால் அளவு இருக்கிறது. 2 என்றால் காலி.

“அதெப்படி சார், ரெண்டு தடவை போனா மட்டும் எல்லா அம்மாவுக்கும் அளக்க மறந்துபோகுது?” என்று சராசரியைக் கேட்டிருக்கிறாள்.

அவர் தலையைத் தூக்கவே இல்லையாம். விட்டுப்போன எண்கள் எல்லா ஆராய்ச்சியிலும் இருக்கும், அதற்கெல்லாம் வழி இருக்கிறது, காலியான இடத்தில் சராசரியைப் போட்டு அப்போதே நிரப்பியாகிவிட்டது என்றார்.

சனிக்கிழமை முழுக்க இவள் வீட்டில் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். காய் நறுக்கக் கொடுத்தால் பாதியை நறுக்கிவிட்டுச் சுவரைப் பார்த்தாள். விடை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் கிடைத்தது. என் சின்ன மகள் அந்த வருடம்தான் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்தாள். வீட்டிலும் பள்ளிக்கூடத்துப் பழக்கம்தான். வாய் நிறையச் சோற்றோடு, எழுந்து நின்று இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

“சாப்பிடற நேரத்துலதான் உனக்கு ரெண்டு வருமா? போ” என்று நான் அதட்டினேன்.

எதிரில் இருந்த நாத்தனார் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டாள்.

“அண்ணி, ரெண்டுன்னா ரெண்டுக்கு.”

“பின்னே என்ன, நாலுக்கா?” என்றேன். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை.

அப்புறம்தான் விவரம் சொன்னாள். நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் நேரம் எழுதியாகிவிட்டது. ஒரு நேரம் என்றால் ஒரு தடவைதானே? அதற்கப்புறம் ‘முறை’ என்று கேட்டால் ஒரு தாய் என்ன நினைப்பாள்? எந்த முறையில் போனது, ஒண்ணுக்கா ரெண்டுக்கா என்றுதான் நினைப்பாள். ரெண்டுக்குப் போனதைக் கப்பில் பிடித்து அளக்கவா முடியும்? அதனால் காலியாக விட்டிருக்கிறார்கள். அந்தக் காலி இடத்தில் எல்லாம் சராசரி மனுஷர் சராசரி மூத்திரத்தை ஊற்றி நிரப்பிவிட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் சிரிக்கவில்லை.

“டைப் பண்ணது நான், அண்ணி. எட்டு மாசம். எனக்கு எதுக்கெடுத்தாலும் கேள்வி வரும்பீங்களே, இதுக்கு மட்டும் வரலையே.”

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக முப்பத்தி நாலின் தாய்க்குப் போன் போட்டாள். நோட்டில் சந்தேகம் என்றால் குடும்பத்தைக் கூப்பிட்டுக் கேட்க அவளுக்கு அனுமதி உண்டு.

“அம்மா, ‘முறை’ங்கற இடத்துல ரெண்டுன்னு எழுதியிருக்கீங்களே, அது ரெண்டு தடவையா?”

“இல்லைம்மா. ஒண்ணுக்குப் போனா ஒண்ணு, ரெண்டுக்குப் போனா ரெண்டு. அப்படித்தானே கேட்டிருக்கீங்க?”

“அப்ப பதினாலு நாள்ல மூணே மூணு வாட்டிதான் ரெண்டுக்குப் போயிருக்கா?”

அந்தப் பக்கம் தபால் மூட்டையை இழுக்கிற ஓசை கேட்டதாம். பிறகு, “தினம் எழுதினேன். எண்ணிப் பார்க்கலையே” என்றாள் அந்தப் பெண்.

டாக்டர் கேட்டபோது மலச்சிக்கல் இல்லை என்று சொன்னீர்களே என்று இவள் மெதுவாகக் கேட்டாள்.

“அது வயசானவங்களுக்கு வர்றது இல்லையாம்மா? இவளுக்குப் போறப்ப சிக்கல் எல்லாம் ஒண்ணும் இல்லை. போகவே மாட்டேங்கறா, அவ்வளவுதான்.”

இதைக் கேட்டதும் இவள் நோட்டிலிருந்த அந்த மூன்று இடத்தையும் சிவப்பில் வட்டம் போட்டாள். காரணம் உண்டு. குடலின் கடைசியில் மலம் சேர்ந்து கல்லாக நின்றால் முன்னால் இருக்கிற மூத்திரப் பையை அழுத்தும். பை முழுசாகக் காலியாகாது. தேங்கினதில் கிருமி வரும். இது டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்னால் கேட்கிறார்கள். இவளுக்கும் எட்டு மாதத்தில் காதில் விழுந்து விழுந்து தெரிந்திருந்தது. கேட்ட வார்த்தை தாய்க்கு வேறாகக் கேட்டது. எழுதின எண் ஆஸ்பத்திரிக்கு வேறாகத் தெரிந்தது.

பத்தொன்பதாம் தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

சராசரியிடம் சொன்னபோது அவர் ஒரு வீட்டில் அப்படி எழுதினால் எல்லா வீட்டிலுமா என்று கேட்டார். முதலில் எல்லாரையும் விசாரித்து முடி, அப்புறம் டாக்டரிடம் போகலாம் என்றார். கட்டுரை முக்கால்வாசி எழுதி முடித்திருந்தார் மனுஷர், அவர் கவலை அவருக்கு. இவள் கேட்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, டாக்டரம்மா அறை வாசலில் குழந்தை வண்டிகளுக்கு நடுவில் இரண்டு மணி நேரம் நின்றாள். வேலை போகும் என்றுதான் நினைத்தாளாம். வாசலில் நின்றபடி, துணிக்கடைக்காரர்களில் யார் போன் நம்பர் இன்னும் தன்னிடம் இருக்கிறது என்று யோசித்தாளாம்.

டாக்டரம்மா நோட்டை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினார். திரும்பப் புரட்டினார்.

“இதை டைப் பண்ணது யாரு?”

“நான்தான், மேடம்.”

“முறைன்னு தலைப்பு போட்டது யாரு தெரியுமா?”

“தெரியாது, மேடம்.”

“நான்தான். எத்தனை தடவைன்னு கேட்கறதா நினைச்சு எழுதினேன். வேற யார்கிட்டயாவது ஒருதடவை காட்டியிருக்கலாம்.” அவர் பேனாவால் ஒரு பக்கத்தைத் தட்டினார். “இதையும் பாருங்க. காலையில ஏழு மணிக்கு ஒண்ணு. அடுத்தது சாயங்காலம் நாலு மணி. அப்புறம் தூங்கறதுக்குள்ள நாலு தடவை. உங்க சுருக்கத்துல என்ன போட்டிருக்கு?”

“ஒரு நாளைக்குச் சராசரி ஆறு தடவை, மேடம்.”

ஆறு என்றால் நல்ல எண். யாருக்கும் சந்தேகம் வராது. ஒன்பது மணி நேரம் ஒரு சின்னக் குழந்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அந்த ஆறுக்குள் காணாமல் போய்விட்டது.

மறுநாளே குழந்தையை வரச்சொல்லி வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். குடலின் கடைசிப் பகுதி அடைத்துக்கொண்டு பையை நெருக்கிக்கொண்டிருந்தது. ஆபரேஷனை மூன்று மாதம் தள்ளிவைக்கலாம் என்றார் டாக்டரம்மா. மலம் இளக மருந்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருதடவை பாத்ரூம், உட்காரும்போது காலுக்கு அடியில் ஒரு பலகை. கிருமி மருந்தும் தொடரும். தாய் ஒத்துக்கொள்ளத் தயங்கினாள். யாருக்கும் தயக்கம் வரத்தான் செய்யும். இத்தனை நாள் பயந்த தேதியைத் தள்ளிவைத்தால் இப்போது அந்தத் தள்ளிவைப்பே பயமாக இருக்கிறது. நடுவில் சிறுநீரகத்துக்கு ஏதாவது ஆனால் என்று கேட்டாள். ஒரு காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே வாருங்கள், காத்திருக்கவேண்டாம் என்று டாக்டரம்மா தன் சொந்த நம்பரை எழுதிக் கொடுத்தார்.

பள்ளிக்கூடத்தில் ஏன் போவதில்லை என்று யாரும் குழந்தையைக் கேட்கவில்லை. நம்மவள் கேட்டாள். தாயிடம் போனை வாங்கிக் குழந்தை விலாவாரியாகச் சொன்னதாம். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கூட ஒருத்தி வந்து வெளியே பிடித்துக்கொள்ள வேண்டும். “அவ பிடிச்சுக்கிட்டே உள்ள எட்டி எட்டிப் பாக்கறா, ஆன்ட்டி. அப்புறம் எல்லார்கிட்டயும் சொல்றா.”

தாய் பள்ளிக்கூடத்துக்கு மூன்று முறை அலைந்தாள். எழுதிக் கொடுங்கள் பார்க்கலாம் என்றார்கள். விஷயம் டாக்டரம்மா காதுக்குப் போனது. அவர் மருந்துச் சீட்டை எடுத்தார். மருந்துகளுக்குக் கீழே, ‘பள்ளிக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள், உட்புறம், குழந்தைக்கு எட்டும் உயரத்தில்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திக் கொடுத்தார். அந்த வாரமே மாட்டினார்களாம். முத்திரைக்கு இருக்கிற மரியாதை தாய்க்கு இல்லை, அது தனிக்கதை.

இதற்கிடையில் இவள் மீதி வீடுகளுக்கெல்லாம் போன் செய்தாள். எழுபத்தொரு வீட்டில் ஒண்ணுக்கு, ரெண்டுக்கு என்றே எழுதியிருந்தார்கள். இருபத்தாறு வீட்டில் எத்தனை தடவை என்று எழுதியிருந்தார்கள். மீதிப் பதினைந்து வீட்டில் குழப்பம். அதில் ஒரு வீட்டில் அம்மா எழுதிய நாளில் ஒரு அர்த்தம், அப்பா எழுதிய நாளில் வேறு அர்த்தம். போனிலேயே இரண்டு பேரும் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்களாம். இவள் நடுவில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் பஞ்சாயத்து செய்தாள்.

சராசரி முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் வாரம் நாற்காலியை இவள் மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். தான் நிரப்பியதை எல்லாம் அழித்தார். புதிதாகக் கணக்குப் போட்டார். ஒண்ணுக்கு, ரெண்டுக்கு என்று எழுதிய எழுபத்தொரு வீடுகளில், காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்த குழந்தைகள் பத்தொன்பது பேர். அதில் பன்னிரண்டு பேருக்கு ரெண்டு அபூர்வம். இது நிரூபணம் இல்லை, சந்தேகம்தான், சரியான கேள்வியோடு திரும்ப எழுதி வாங்கினால்தான் சொல்ல முடியும் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஆனால் அன்றைக்கு டீயைத் தானே போய் வாங்கிவந்தாராம், இரண்டு கப்.

ஆறாவது வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. போன் வந்தபோது இவள் எங்கள் வீட்டுக் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கையிலிருந்த ஈரச் சட்டையைப் பிழிந்தாள், பிழிந்தாள், அது கிழியும் வரை பிழிந்தாள். என் வீட்டுக்காரர் சட்டை. அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. நான் கேட்காமலிருந்தால் பேசமாட்டாள் என்று கேட்டேன்.

“தள்ளிப்போட்டது தப்பா இருந்தா, அண்ணி?”

“தள்ளிப்போட்டது டாக்டர். நீ நோட்டைக் காட்டினே.”

“காட்டாம இருந்திருந்தா?”

“காட்டாம இருந்திருந்தா இந்நேரம் அந்தப் பிள்ளை வயித்துல ரெண்டாவது தையல் இருந்திருக்கும். அதுக்கப்புறமும் ரெண்டுக்குப் போகாம உக்காந்திருக்கும். எழுந்து சாப்பிடு.”

சாயங்காலம் பரிசோதனை முடிவு வந்தது. மூத்திரத்தில் கிருமி இல்லை. வெறும் சளிக் காய்ச்சல். இவள் ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, “சட்டையை நான் தைச்சுத் தர்றேன்” என்றாள். தைத்தும் தந்தாள், பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் பட்டன் இல்லாமல்.

மூன்று மாதம் முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். பை முழுசாகக் காலியாகிறது. மேலே ஏறுவது அடியோடு நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது, துளி இருக்கிறது. வளர வளரப் பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்குக் கத்தி வேண்டாம் என்று டாக்டரம்மா பெயரை ஆபரேஷன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். எல்லாருக்கும் இப்படி முடியவில்லை. அந்தப் பன்னிரண்டில் இரண்டு குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யத்தான் வேண்டியிருந்தது. பத்தொன்பதில் மீதி ஏழு பேருக்குக் காய்ச்சல் ஏன் வருகிறது என்று இன்னும் தெரியாது. தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

புது ஆராய்ச்சி தொடங்கியாகிவிட்டது. இந்தத் தடவை ஆபரேஷன் ஆன குழந்தைகளோடு, ஒரு கத்தியும் படாத பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உண்டு. எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்கள், எப்போது போகிறார்கள், கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்றெல்லாம் அதிலேயே கேள்வி. நோட்டுக்குத் தலைப்பு வைக்கும்போது சராசரி ‘கழிவின் வகை’ என்று போடலாம் என்றார். இவள் மறுத்துவிட்டாள். ‘ஒண்ணுக்கா, ரெண்டுக்கா?’ என்றே அச்சடித்திருக்கிறது. கண்ணியமாக இல்லையே என்று அவர் இழுத்தாராம். கண்ணியமாகக் கேட்டு என்ன கிடைத்தது என்று இவள் கேட்டாளாம். அச்சுக்குப் போகும் முன் அந்த நோட்டை என்னிடம் கொடுத்து, ஒரு வாரம் சின்னவளுக்கு எழுதச் சொன்னாள். நான் எங்கே முழிக்கிறேன் என்று எதிரில் உட்கார்ந்து பார்த்தாள். நான்கு இடத்தில் முழித்தேன். நான்கையும் மாற்றினாள்.

ஸ்கேன் எடுத்த அன்று அந்தக் குழந்தை தாயோடு மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தது. தாய் இவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தை அறையைச் சுற்றிப் பார்த்தது, சராசரியைப் பார்த்தது, பிறகு இவள் பக்கம் திரும்பி இரண்டு விரலைத் தூக்கியது.

வராந்தா முனையில் இருந்த கழிப்பறைக்கு இவளே கூட்டிக்கொண்டு போனாள். குழந்தை முதலில் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தது, எடுத்துப் பார்த்தது, இன்னொருதடவை போட்டுப் பார்த்தது. பிறகு கதவை ஒரு சாண் திறந்து, “நீங்க பிடிக்க வேணாம், ஆன்ட்டி. போங்க” என்றது. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

இவள் போகவில்லை. நாலடி தள்ளி நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். குழந்தை வந்ததும் அறைக்குத் திரும்பி, அதன் புது நோட்டை எடுத்து எழுதினாள்: மணி பதினொன்று இருபது. ரெண்டுக்கு. அளவு என்ற இடத்தை இந்த முறை வேண்டுமென்றே காலியாக விட்டாளாம்.